மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் அம்மா: ஓர் உருவப்படத்தின் நிகழ்வு ஆய்வு

பெரம்பூரில் ஒரு வீட்டு ஹாலில், எழுபது வயதான அம்மா ஒருவரின் உருவப்படம் மாட்டியிருக்கிறது. 30-க்கு 36 அங்குல கேன்வாஸ், ஆயில் பெயின்ட். வரைந்தவன் நான். படத்தைப் பார்க்கும் சொந்தக்காரர்களில் சிலர், "அம்மா ஏன் இவ்வளவு சோகமா இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், பெரும்பாலும் பெண்கள், "அடுப்புல குக்கர் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் ஒரே முகத்தைப் பார்த்து வந்தவை.

வீட்டுக்குள்ளேயே வாழ்நாளைச் செலவழித்த ஒருவரை வரையும்போது, அவருடைய மனநிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் படத்துக்குள் இல்லாத ஏதோ ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். தொட்டிலாக இருக்கலாம், வாசலாக இருக்கலாம், அடுப்பாக இருக்கலாம். அந்த வெளியே இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்காமல் முகத்தை மட்டும் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் ஜாடை வரும், ஆள் வரமாட்டார். இந்தப் படம் உருவான விதம் அதை எனக்குத் தெளிவாகக் காட்டியதால் முழுமையாக எழுதிவைக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன்.

கேட்ட படம்

படத்தைக் கேட்டு வந்தவர் அந்த அம்மாவின் மகள். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஹாலில் அவருடைய ஃபோட்டோ 20-க்கு 24 அங்குலத்தில், சந்தன மாலையும் சின்ன சீரியல் பல்புமாக மாட்டியிருக்கிறது. "அதே சைஸ்ல அம்மாவை ஆயில் பெயின்டிங்கா பண்ணிக் குடுங்க சார். எழுபதாவது பிறந்தநாளுக்கு மாட்டணும்" என்றார். இடமும் பார்த்துவைத்திருந்தார்: அப்பா ஃபோட்டோவுக்குப் பக்கத்தில்.

அம்மா அதைக் கேட்டதும் சொன்னது: "நான் இன்னும் இருக்கேன்ல? அவர் பக்கத்துல எதுக்கு இப்பவே?"

மகள் சங்கடப்பட்டார். எனக்கோ அந்த ஒரு வரியில் வேலையின் பாதி கிடைத்துவிட்டது. நம் வீடுகளில் சுவரில் பெரிதாக மாட்டப்படும் தனி ஆள் படம் என்றால் அது பெரும்பாலும் இறந்தவர் படம். அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. மார்பளவு, நேர்ப்பார்வை, பின்னால் நீலமோ சாம்பலோ ஒரே நிறம். ரேஷன் கார்டில் இருந்தோ கல்யாண குரூப் ஃபோட்டோவில் இருந்தோ முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கலைந்த முடியைச் சரிசெய்து, சில சமயம் இல்லாத கோட்டைக்கூட மாட்டிவிடுவார்கள் ஸ்டூடியோக்காரர்கள். அந்த வேலையை நான் குறைவாக நினைப்பதில்லை. விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அப்பா நம்மைப் பார்க்க வேண்டும், அதற்கு அந்த நேர்ப்பார்வை வேண்டும். அந்தப் படத்தில் காலை, மாலை என்று எதுவும் இருக்காது. இருக்கவும் தேவையில்லை.

உயிரோடு இருப்பவருக்கு அந்த அமைப்பு பொருந்தாது. அவருக்கு நேரம் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஒரு முகம், மோட்டார் போடும் நேரத்தில் ஒரு முகம். அம்மாவின் எதிர்ப்பு மூடநம்பிக்கை என்று மகள் நினைத்தார். தன்னை நேரம் இல்லாதவராக ஆக்கிவிடாதே என்று அவர் கேட்டதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். படத்தை அந்த வீட்டிலேயே, அவர் நேரத்திலேயே வரைகிறேன் என்று சொன்னேன். ஃபோட்டோ பார்த்து வரையமாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

வீடு

அவர் கணவர் ஐசிஎஃப்பில் வேலை பார்த்தவர். 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்துவைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றித்தான் பெரம்பூர், வில்லிவாக்கம், அயனாவரம் பக்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நாள் வகுக்கப்பட்டது. ஷிப்ட் மாறினால் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறும், தூங்கும் நேரம் மாறும், குழந்தைகள் சத்தமாகப் படிக்கலாமா கூடாதா என்பதும் மாறும். ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய சின்ன வீடு. ஹாலின் ஒரு பக்கம் கிரில் போட்ட ஜன்னல், அதை ஒட்டிச் சமையலறைக்குப் போகும் வழி. எதிர்ப்பக்கச் சுவரில் பழைய வெளிர்பச்சை டிஸ்டெம்பர். மற்ற சுவர்களுக்குப் புது பெயின்ட் அடித்தபோது அந்த ஒரு சுவரை மட்டும் ஷோகேஸ் மறைத்திருந்ததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஷோகேஸ் இப்போது அங்கே இல்லை, பச்சை இருக்கிறது.

முதல் நாள் மகள் அம்மாவைத் தயார் செய்துவைத்திருந்தார். அரக்கு நிறப் பட்டு, கழுத்தில் இரண்டு வரிச் சங்கிலி, மடியில் சேர்த்துவைத்த கைகள். அம்மா தேக்கு நாற்காலியில் கல்யாண ஆல்பத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். அதையும் ஒரு சின்ன கேன்வாஸில் வரைந்தேன். மகள் ஆசைப்பட்ட படம், அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மோசமான படம் இல்லை அது. ஜரிகையின் மினுக்கம் நன்றாகவே வந்தது. அரக்கு நிறம் அவருடைய கறுத்த தோலுக்கு அருமையாகப் பொருந்தியது. ஆனால் அதில் இருக்கும் முகம் "எப்போ முடியும்?" என்று கேட்கும் முகம்.

அப்புறம் சமையலறையில் இருந்து விசில் வந்தது.

சுண்டு விரல்

பேசிக்கொண்டே இருந்தார். என்னுடைய ஊர், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பெயின்ட் வாசனை தலைவலி தராதா என்று வரிசையாகக் கேள்விகள். பேச்சு நிற்கவில்லை. ஆனால் விசில் வந்த அந்த நொடியில் அவருடைய வலது கட்டைவிரல் மெல்ல நகர்ந்து சுண்டு விரலின் அடி ரேகையில் போய் உட்கார்ந்தது. பேசுகிற வாய்க்கு அது தெரியவே தெரியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விசில். கட்டைவிரல் நடு ரேகைக்கு ஏறியது. மூன்றாவது வந்ததும், "இரு தம்பி, வந்துடறேன்" என்று எழுந்தார். அதற்கு முன்பே முந்தானை இடுப்பில் செருகப்பட்டிருந்தது. எப்போது செருகினார் என்று நான் பார்க்கவில்லை.

அரிசிக்கு மூன்று விசில். விரல் விட்டு எண்ணுவது நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான். ஆனால் எண்ணுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், கை தானாக எண்ணுவதை அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கையைத் தனியாகக் கரியில் பல தடவை வரைந்தேன். கட்டைவிரல் சுண்டு விரலைத் தொட வேண்டும் என்றால் உள்ளங்கை நடுவில் குழியும், கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மேடு இறுகி உயரும், மற்ற மூன்று விரல்களும் லேசாக மேலே விறைக்கும். மடியில் ஓய்வாகக் கிடக்கும் கையில் இந்த ஒரு இறுக்கம் மட்டும் இருக்கும். உட்கார்ந்திருக்கிறார், ஆனால் முழுதாக உட்காரவில்லை என்பதை முகத்தைவிடக் கை நன்றாகச் சொன்னது.

இதனால் முதலில் மாறியது அளவு. 20-க்கு 24-ல் மார்பளவு வரைந்தால் மடி வராது. மடி வராவிட்டால் இந்தக் கை இல்லை. எனவே 30-க்கு 36 என்று மகளிடம் சொன்னேன். அப்பா படத்தோடு ஜோடி சேராது என்று அவர் வருத்தப்பட்டார். அம்மா மட்டும், "சேராம இருக்கட்டும்" என்றார்.

காதும் கழுத்தும்

ஒரு நாள் எனக்காகவே கேட்டேன், விசிலை ஏன் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறீர்கள் என்று. அவர் சொன்ன பதில் படத்தின் இரண்டாவது பாதியைக் கொடுத்தது.

கணவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். வீடு அப்போது ஒரே அறை, ஒரு தடுப்பு. விசில் அடித்தால் எழுந்துவிடுவார். அதனால் விசில் வருவதற்கு முன்னாலேயே போய் அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும். "ஆவி போற சத்தம் முதல்ல புஸ்ஸுன்னு இருக்கும். அப்புறம் கொஞ்சம் கனமா மாறும். அப்போ போயிடணும்." பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் வைப்பாராம். ரேடியோ கிடையாது. பல வருடங்கள் அப்படிக் காதைத் தீட்டிவைத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார். "இப்போ அடிச்சா அடிக்கட்டும்னு விட்டுடறேன். யாரு எழுந்திருக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

இதைக் கேட்ட பிறகு கண்ணைப் படத்தின் மையமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. உருவப்படம் என்றாலே கண்ணில்தான் உயிர் என்று நமக்குச் சொல்லித்தருகிறார்கள். இந்த அம்மாவின் உயிர் காதில் இருந்தது. நாற்காலியை நகர்த்தி, சமையலறை வழி என் வலது தோளுக்குப் பின்னால் வரும்படி வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் அவர் கேட்கும்போது முகம் தன் வலப்பக்கம் லேசாகத் திரும்பும், இடது காது முன்னால் வரும். ஜன்னல் வெளிச்சமும் அந்தக் காதில்தான் விழுந்தது. படத்தைப் பார்ப்பவர் நிற்கிற பக்கம்தான் சமையலறை. அதாவது அவர் நம்மைப் பார்க்கவில்லை, நமக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கிறார். காதின் மேல்மடிப்பு, தோட்டின் எடை இழுத்து நீண்டுபோன துளை, அதற்குக் கீழே விழும் நிழல் இவற்றைத்தான் கூர்மையாகத் தீட்டினேன். கண்களை அகலமான பிரஷில் சில தீற்றல்களோடு விட்டேன்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, படம் வரைகிறவர்களுக்கு இது பயன்படலாம். உன்னிப்பாகக் கேட்கிறவரின் கண் எதையும் பார்ப்பதில்லை. குவியம் தளர்ந்து நிற்கும், இமை அடிப்பது குறையும், உதடுகள் மூடியிருக்கும். வருத்தத்தில் இருப்பவரின் கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கழுத்தைப் பார்த்தால் முடியும். வருத்தத்தில் கழுத்து தளர்ந்து தலை முன்னால் இறங்கும். கேட்கும்போது கழுத்து நீளும், தலை சின்னதாகச் சாய்ந்து திரும்பும், காதுக்குப் பின்னால் இருந்து காறையெலும்புக்குச் சாய்வாக இறங்கும் தசை கயிறு மாதிரி எழுந்து தெரியும். அந்தத் தசையை ஒரே இழுப்பில், பெயின்ட் தடிமனாக நிற்கும்படி போட்டேன். படத்தில் மிகவும் வேகமாகப் போட்ட தீற்றல் அதுதான். சென்னையில் கோட்டுக்கு ஒரு பெரிய மரபு இருக்கிறது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1969-ல் தொடங்கி வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கோடு எவ்வளவு உடம்பைச் சுமக்கும் என்று தெரியும். அவற்றைப் பார்த்து வளர்ந்த கை என்னுடையது.

"கொஞ்சம் கலரா போடுங்க"

நிறம் பற்றிய பேச்சு எப்படியும் வரும். வந்தது. மருமகள்தான் கேட்டார், "அத்தையைக் கொஞ்சம் கலரா போடுங்களேன்". கலர் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளுப்பு. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காலண்டர் படங்களும் ஸ்டூடியோ ரீடச்சும் இத்தனை வருடங்களாக நமக்குப் பழக்கிவைத்தது அதுதான். நான் மறுத்துவிட்டேன். அந்த அம்மாவின் கறுப்பு எனக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, அதைக் கரைத்துவிட எனக்கு மனமில்லை.

கறுத்த தோலை வெறும் பழுப்பில் வெள்ளை கலந்து போட்டால் சாம்பல் பூத்துப்போகும். நான் அடிநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்துகொள்வேன், கொஞ்சம் யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள். எங்கே ஒளி நேராக விழுகிறதோ அங்கே வெள்ளை தேவையில்லை. ஜன்னல் வழியாக வருவது வானத்தின் ஒளி, அதனால் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் நீலச் சாம்பல்தான் மினுங்கும். நிழல் பக்கம் வெதுவெதுப்பாக, சிவப்போடி இருக்கும். இந்த வீட்டில் ஒரு வித்தியாசம் இருந்தது. நிழல் பக்கத்துக் கன்னத்தின்மேல் அந்தப் பழைய டிஸ்டெம்பர் சுவரின் பச்சை பிரதிபலித்தது. தாடையோரத்தில் அதை விரிடியன் பச்சை கலந்து அப்படியே வைத்தேன். "முகத்துல எதுக்கு பச்சை?" என்று பெரிய மகன் கேட்டார். அவரைக் கூப்பிட்டு, அம்மாவை அதே நாற்காலியில் உட்காரவைத்து, கையால் சுவரை மறைத்தும் விலக்கியும் காட்டினேன். கை நகர நகரக் கன்னத்தில் பச்சை வந்து போனதைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மழைக்காலத்தில் ஆரம்பித்த வேலை. சென்னை ஈரத்தில் ஆயில் காய்வது பெரிய தொல்லை. அம்பர் மண்ணில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு காயாமல் நாளை இழுத்துக்கொண்டே போகும். அதனால் கீழ்ப்பூச்சு முழுவதும் டர்பன்டைன் அதிகம் விட்ட மெல்லிய அம்பர். கூந்தலுக்குக்கூடக் கறுப்பை எடுக்கவில்லை, அம்பரும் நீலமும்தான்.

வெளியே இருப்பது

இந்தப் படத்தை யோசிக்கும்போது என் மனதில் நின்றவை மூன்று ஓவியங்கள். நம் ஊரோடு தொடர்புள்ளதில் இருந்து தொடங்குகிறேன். ரவி வர்மாவுக்குப் பெயர் வாங்கித்தந்த ஆரம்பகாலப் பரிசுகளில் ஒன்று சென்னையில் கிடைத்தது, 1873-ல், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு. இருபது வருடம் கழித்து 1893-ல் அவர் "இதோ அப்பா வருகிறார்" என்ற படத்தை வரைந்தார். அவருடைய மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார், காலடியில் நாய். எல்லோருடைய கவனமும் படத்துக்கு வெளியே, வந்துகொண்டிருக்கும் அப்பாவின் பக்கம். அப்பாவை நாம் பார்க்கவே முடியாது. ஆனால் அந்தப் பெண்ணின் நிற்கும் விதம், கழுத்துத் திருப்பம், முகத்தின் மலர்ச்சி எல்லாமே அவர் வருகையால் வந்தவை.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1888 டிசம்பரில், பிரான்சின் ஆர்ல் நகரத்தில் டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கா தன் நண்பரான தபால்காரர் ரூலானின் மனைவி ஒகஸ்தீனை வரைய ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்கு அப்போது கைக்குழந்தை. படத்தில் அவர் கையில் ஒரு கயிறு இருக்கும். அது தொட்டில் கயிறு. தொட்டில் படத்தில் இல்லை. கை தன் வேலையைச் செய்கிறது, முகம் எங்கோ இருக்கிறது. பச்சைப் பாவாடை, சிவப்புத் தரை, பின்னால் பூப்பூவாகச் சுவர்த்தாள். அதையே ஐந்து தடவை வரைந்திருக்கிறார். கடலில் தனிமையில் இருக்கும் மீனவர்கள் தங்கள் படகில் இந்தப் படத்தைப் பார்த்தால் தொட்டிலில் ஆடுகிற உணர்வு வர வேண்டும் என்று கடிதத்தில் எழுதினார். கயிற்றின் மறுமுனையில் படம் பார்ப்பவரே இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள் என்று நினைக்கிறேன். இந்தப் படம் இல்லாமல், பார்ப்பவரைச் சமையலறைப் பக்கம் நிறுத்தும் யோசனை எனக்கு வந்திருக்காது.

மூன்றாவது பிரெஞ்சு ஓவியர் எதுவார் வுய்யார் வரைந்தது, ரவி வர்மாவின் படத்தைப் போலவே 1893. அம்மாவும் அக்காவும் இருக்கும் உட்புறக் காட்சி. அவருடைய அம்மா வீட்டிலேயே தையல் தொழில் நடத்தியவர். கறுப்பு உடையில் முழங்கால்களை அகட்டி, அறைக்குச் சொந்தக்காரராக உட்கார்ந்திருப்பார். அக்காவோ சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். கட்டம்போட்ட உடை சுவர்த்தாளின் புள்ளிகளுக்குள் கரைகிறது, படத்தின் மேல்விளிம்பு இடிக்காமல் இருக்கக் குனிந்திருக்கிறார். அந்தப் படத்துக்கு வெளியே எதுவும் இல்லை. வாசலும் இல்லை, வரப்போகிறவரும் இல்லை. அதனால்தான் அந்தக் குடும்பத்தில் மூச்சுமுட்டுகிறது. முகபாவம் என்று பெரிதாக ஏதும் தீட்டாமலே அதைச் சாதித்திருக்கிறார்.

ஒரே வருடத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஓவியர்கள் தங்கள் சொந்த வீட்டுப் பெண்களை வரைந்திருக்கிறார்கள். ஒருவர் வெளியே ஓர் ஆளை வைத்தார், இன்னொருவர் வெளியையே அடைத்துவிட்டார். முகபாவத்தை வைத்து மனநிலையைத் தேடும் மாணவர்களிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டுவேன்.

வீட்டார் பார்த்தது

படம் முடிந்து முதலில் பார்த்தவர் மகள். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையையே அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, "நானும் இப்படித்தான் எண்ணறேன் சார்" என்றார். பெரிய மகன் அதே கையைப் பார்த்து, "ஜபம் பண்றாங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். "ஜபமா? சாதம் குழைஞ்சிடும்டா."

சண்டை வந்தது முந்தானைக்காக. பழைய சுங்குடிப் புடவையில், முந்தானை இடுப்பில் செருகியபடி இருப்பது மருமகளுக்கும் பெரிய மகனுக்கும் பிடிக்கவில்லை. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா மாதிரி இருக்கிறதே என்றார்கள். இதை லேசாக ஒதுக்கிவிட எனக்கு முடியவில்லை. ஒற்றைச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்த குடும்பம். அம்மா பட்டும் நகையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு படம் அவர்களுக்கு வேண்டும் என்றால், அது அம்மாவின் உழைப்புக்குப் பிள்ளைகள் தர நினைத்த மரியாதை. அதே உழைப்பைப் படத்தில் காட்டினால் அவமானம் மாதிரி தோன்றுவதும் நம் சமூகம் அவர்களுக்குள் வைத்த காயம்தான். அவர்களிடம் என் பக்கத்தைச் சொன்னேன்: முந்தானையை விரித்துத் தொங்கவிட்டால் கையும் கழுத்தும் பொய்யாகிவிடும், எழுந்து ஓடத் தயாராக இருக்கும் உடம்புக்கு விரித்த முந்தானை சேராது. ஆனால் முடிவு எடுக்க வேண்டியவர் உட்கார்ந்தவர்தான் என்றும் சொன்னேன்.

அம்மா படத்துக்குப் பக்கத்தில் வந்து செருகின இடத்தைப் பார்த்தார். "பட்டு கட்டிக்கிட்டு யாரு சமைப்பா? இப்படியே இருக்கட்டும். செருகினாத்தான் எனக்கு நிம்மதி."

சோகம் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த வார்த்தையை நான் முழுதாக மறுக்கவில்லை. கழுத்தைச் சரியாகப் படித்தவர்கள் கேட்பதைப் பார்க்கிறார்கள். அவர் ஒரு காலத்தில் யாருடைய தூக்கத்துக்காகக் கேட்டாரோ அந்த ஆள் இப்போது எதிரே மாலையோடு இருக்கிறார், அதைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேட்பதிலேயே வேறொன்றும் தெரியும். அதை நான் தீட்டவில்லை. உதட்டோரத்தையோ புருவத்தையோ அதற்காக ஒரு மயிரிழைகூட இறக்கவில்லை. கண்ணீரைக் கேட்டு வாங்கும் முகம் அவருடையது இல்லை. "யாரு எழுந்திருக்கப் போறாங்க" என்று சொன்ன கையோடு காபி போடப் போனவர் அவர்.

இப்போது

படம் அப்பா ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப்படவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், அந்தப் பச்சைச் சுவரிலேயே மாட்டச் சொன்னேன், காது நிஜச் சமையலறையின் பக்கம் இருக்கும்படி. சுவருக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் காற்று போக நான்கு மூலையிலும் கார்க் துண்டு வைத்திருக்கிறேன். பெரம்பூர் வெயிலும் மழைக்காலத்துச் சுவர் ஓதமும் ஆயில் படத்துக்கு நல்லதில்லை. சீரியல் பல்பும் மாலையும் போட வேண்டாம் என்று மகளிடம் சொன்னபோது, அம்மா உள்ளே இருந்து, "நான் பாத்துக்கறேன் தம்பி" என்று குரல் கொடுத்தார்.

பட்டுப் புடவையில் வரைந்த சின்ன படத்தைப் பெரிய மகன் கேட்டு வாங்கி, பள்ளிக்கரணையில் தன் ஃப்ளாட்டில் மாட்டியிருக்கிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவருக்கு வேண்டிய அம்மா அதில் இருக்கிறார்.

பெரிய படத்துக்கு வார்னிஷ் இன்னும் பாக்கி. கழுத்துப் பக்கம் பெயின்ட் தடிமனாக இருப்பதால் உள்வரை காய ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்கு முன்னால் வார்னிஷ் போட்டால் வெடிப்பு விடும். வார்னிஷ் போட வரும்போது உதட்டில் கொஞ்சம் சிரிப்பு மட்டும் சேர்த்துவிட முடியுமா என்று பெரிய மகன் ஃபோனில் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சிரித்தால் கன்னம் ஏறும், கன்னம் ஏறினால் காது பின்னால் போகும், கழுத்தில் இருக்கும் அந்த இழுப்புக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். அம்மா சிரிக்கிற படம் வேண்டும் என்றால் தனியாக வரைந்து தருகிறேன் என்றேன். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது சொல்கிறேன் என்றார்.